பேச்சியம்மாள் பிழைத்துவிட்ட குற்றம்

எனக்குப் பிறகு எங்கள் கோயில் பங்கில் உபதேசியாராக இருக்கும் ஸ்டெல்லா போன மாதம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வயது வந்தவர்கள் திருமுழுக்குப் பெற விண்ணப்பிக்கும் படிவம். ஊர்க்கமிட்டி புதிதாக அச்சடித்தது. பெயர், வயது, வேலை, ஏன் கிறிஸ்தவராக விரும்புகிறீர் என்று பத்துக் கட்டங்கள். பதினோராவது கட்டத்தில் 'ஊர்க்கமிட்டித் தலைவர் ஒப்புதல்' என்று போட்டு, கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் விட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க இருந்த காலத்துலயும் இப்படி ஒண்ணு உண்டுமா? கேட்டா, பழைய வழக்கம்தான்னு கமிட்டில சொல்லுதாங்க" என்றாள் அவள்.

அன்று அவளுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் வாய் குழறியது. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதில்தான் இது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது, அது போதும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. உபதேசியார் என்றால் கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடியாக வேலை பார்க்கிறவர். பூசைக்கு முன்னால் ஜெபமாலை சொல்வது, சாவு வீட்டில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்வது, திருமுழுக்குக்கு ஆட்களைத் தயார் செய்வது எல்லாம் அவர் வேலை. சாமியார்கள் ஐந்தாறு வருடத்தில் மாறிப் போவார்கள். உபதேசியார் பெரும்பாலும் அதே ஊரில் கிடப்பார். நான் வேலை பார்த்த முப்பத்துநான்கு வருடத்தில் பெரும்பகுதி இதே ஊரில் கிடந்தேன். பயிற்சி இரண்டு வருடம். அதில் வேதாகமமும் திருச்சடங்குகளும் மேடையில் நடுங்காமல் பேசுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். சாமியாரிடம் 'முடியாது' என்று எப்படிச் சொல்வது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குழந்தைகளுக்குத் திருமுழுக்கு என்பது எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோரையும், குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய் ஞானத்தகப்பனையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பேன். பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, ஞானப்பெற்றோர் வேறு பங்கு என்றால் அந்தப் பங்குச் சாமியாரின் கடிதம், எல்லாம் பார்த்து வாங்குவேன். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே நிற்பார்கள். "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சாமியார் கேட்க, "விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் பத்துத் தடவை சொல்லவைத்திருப்பேன். ஆனாலும் ஒரு விசைப்படகு டிரைவர், கூட்டத்தைப் பார்த்த பதற்றத்தில், "பாத்துக்கிடலாம் சாமி" என்று சொல்லி, கோயிலே சிரித்தது. அப்படிச் சிரித்த ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அவற்றை எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும். நான் எழுதப்போவது பேச்சியம்மாளைப் பற்றி.

பேச்சியம்மாள் எங்கள் ஊருக்கு மேற்கே உப்பளத்தில் வேலை பார்த்தவள். புருஷன் இல்லை. ஒரே மகள் முத்துக்கனியை ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். வாரத்தில் இரண்டு நாள், கருவாடு போடும் பெண்களுக்கு உப்பு கொண்டுவந்து கொடுப்பாள். எங்கள் ஆட்கள் அவளிடம் உப்பு வாங்குவார்கள். அவள் தண்ணீர் கேட்டால் மட்டும் தனிச் செம்பில் கொடுப்பார்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இயேசு சிலுவை சுமந்த கதையைப் பதினான்கு இடங்களில் நின்று வாசிக்கும் சிலுவைப்பாதையைக் கோயிலைச் சுற்றி நடத்தி முடித்து, புத்தகத்தை மூடிக்கொண்டு வருகிறேன். மதிலுக்கு வெளியே காலிக் கூடையோடு நின்றவள் கூப்பிட்டாள்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாமா?"

"என்னளா?"

"அந்த ஆறாவது எடத்துல ஒருத்தி வாராள்ளா, துணிய வச்சு அவரு மொகத்தத் தொடைக்கா. அவளுக்குப் பெறவு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னா?"

"சேவகன் சும்மாவா விட்டுருப்பான்? அடிச்சானா, புடிச்சிட்டுப் போனானா? ஏழாவது எடத்துல அவளப் பத்திப் பேச்சே இல்லியே."

இருபது வருடமாக அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். வெரோனிக்கா என்ற அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "தெரியலளா" என்றேன்.

"தெரியாம எப்படி வாசிக்கீய?" என்று கேட்டுவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். "நான் உங்க கோயில்ல சேரணும். அதுக்கு என்ன செய்யணும்?" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஐந்து வயதுதான் குறைவு. நான் 'ஏளா' என்றும் 'நீ' என்றும்தான் பேசினேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

பெரியவர்களைத் தயார் செய்வது ஒரு நாள் வகுப்பு அல்ல. குறைந்தது ஒரு வருடம். முதலில் விசாரிப்பு. பிறகு கோயில் வாசலில் வைத்து ஏற்றுக்கொள்ளும் சடங்கு. அதன்பின் படிப்பு. கடைசியாக ஒரு தவக்காலம் முழுக்கச் சோதனையும் ஜெபமும். ஈஸ்டருக்கு முந்தின இரவு, பாஸ்கா திருவிழிப்பில், தலையில் தண்ணீர். பேச்சியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. விடியுமுன் உப்பளத்துக்குப் போய், வெயில் ஏறி வேலை முடிந்து, செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்கு வருவாள். விசுவாசப் பிரமாணத்தை நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் மறுநாள் உப்பளத்தில் உப்பு வாருகிற பலகையை இழுத்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்தாள். இரண்டு வாரத்தில் தவறில்லாமல் சொன்னாள். உறுதிபூசுதலுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் ஆகும்.

கேள்விகள் மட்டும் அடங்காது. முன்காலத்தில் திருமுழுக்கின்போது குழந்தையின் நாக்கில் கொஞ்சம் உப்பு வைப்பார்கள், இப்போது அந்த வழக்கம் இல்லை என்று ஒருநாள் சொன்னேன்.

"எந்த உப்பு? எங்க உப்பா?"

"இங்கன உள்ள உப்புதான், வேற எங்கன இருந்து வரும்?"

"அப்ப நாங்க வாருன உப்பு அந்தக் காலத்துலயே உள்ள போயிட்டு. நாங்கதான் இன்னும் வெளிய நிக்கோம்" என்று சிரித்தாள்.

அவளிடம் நான் ஒன்றை மறைக்கவில்லை. மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் மாறிவிடும், இப்போது இருக்கிற சலுகை இருக்காது என்று முதல் மாதமே சொன்னேன். "சர்க்காரு எனக்கு எந்த நாற்காலி போட்டு வச்சிருக்கு, அது போயிரும்னு பயப்பட? எம்மவ அவ புருசன் வீட்டுல அவ சாமியக் கும்பிடுதா. அவளுக்கு ஒண்ணும் மாறாது. நான் எனக்குத்தான கேக்கேன்" என்றாள். வற்புறுத்தி மாற்றுகிறோம் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதால், அவள் சொன்னதை அப்படியே எழுதி, அவள் கைநாட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்போது பங்குச்சாமியாராக இருந்தவரை ஞானப்பிரகாசம் சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிட்டால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படி இல்லை. குரலை உயர்த்தவே மாட்டார். படகு கவிழ்ந்து மூன்று பேர் போனபோது, உடல் கரைக்கு வரும்வரை இரண்டு நாள் அந்த வீட்டுப் பெண்களோடு மணலில் உட்கார்ந்திருந்தார். என்னை 'உபதேசியாரே' என்று கூப்பிட்டு, தன் முன்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன முதல் சாமியார் அவர்தான். அவருக்கு ஒரு பழக்கம். பிடிக்காத விஷயம் ஒன்றைக் கொண்டுபோனால் கண்ணாடியைக் கழற்றுவார். அங்கியின் ஓரத்தால் இரண்டு பக்கமும் மெல்லத் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொண்டு, "காலம் கனியட்டும்" என்பார். அவ்வளவுதான். அவர் மறுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்றுக்கொள்ளும் சடங்கை அவர் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஒரு புதன்கிழமை காலை. கூட்டம் இல்லை. அதில் நெற்றி, காது, கண், உதடு, நெஞ்சு, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றிலும் சிலுவை அடையாளம் இடுவது உண்டு. நெற்றியில் சாமி இட்டார். மீதியை உபதேசியார் இடலாம். நான் இட்டேன். கடைசியாகக் குனிந்து அவள் காலைத் தொட்டபோது, "அய்யோ, வேண்டாம் அய்யா" என்று பின்வாங்கினாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் முழுக்க வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளையாக ஏறியிருந்தது. இரண்டு காலிலும் சிலுவை போட்டேன். அன்று நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை இப்போது எண்ணினால் எரிச்சல் வருகிறது.

முதல் பாஸ்கா வந்தது. "இந்த வருசம் கூட்டம் அதிகம், கோயில் பூச்சு வேலை வேற நடக்கு. காலம் கனியட்டும்" என்றார் சாமி.

இரண்டாவது பாஸ்காவுக்கு ஞானத்தாய் வேண்டும் என்றார். நியாயம்தான். ஊரில் ஆறு பெண்களைக் கேட்டேன். ஆறு பேரும் ஆறு காரணம் சொன்னார்கள். ஏழாவதாக என் மனைவி ரெஜினாவைக் கேட்டேன். அவளைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நம்ம மவளுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம். நாளைக்கு எவனாவது, உம்ம பொண்டாட்டி யாருக்கு ஞானத்தாயின்னு கேட்டா, நீரு பதில் சொல்லுவீரா?" என்றாள்.

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் சொன்னது நடக்கக்கூடியது என்று எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் வந்து, "இந்தப் பாஸ்காவா அய்யா?" என்று கேட்டபோது, "சாமிக்கு வேல அதிகம்" என்று பொய் சொன்னேன். அதன்பிறகு ஒரு வருடம் முழுக்க அந்தப் பொய்யையே சொன்னேன்.

மூன்றாவது பாஸ்காவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சாமி என்னைத் தான் தங்கியிருந்த பங்களாவுக்குக் கூப்பிட்டார். ஊர்க்கமிட்டி உட்கார்ந்திருந்தது. தலைவர் மச்சாது அண்ணாச்சி. சொந்தமாக இரண்டு விசைப்படகு வைத்திருந்தவர். வெளிப்படையாகப் பேசுகிறவர். அன்று அந்த அறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

"உபதேசியாரே, அந்தப் பொம்பள பூசைக்கு வரட்டும். பின்னால நின்னு கும்பிடட்டும். யாரு வேண்டாம்ங்கா? ஆனா தண்ணி ஊத்திட்டா அவ நம்ம பங்கு ஆளு. நாளைக்குச் செத்தா எங்க பொதைக்க?"

"நம்ம கல்லறைத் தோட்டத்துலதான் அண்ணாச்சி."

"அதத்தாம்வே சொல்லுதேன். எங்கப்பா கெடக்காரு அங்கன. எங்க தாத்தா கெடக்காரு. அவங்க பக்கத்துல கொண்டாந்து வப்பீரோ? இன்னைக்கு இவ ஒருத்தி. நாளைக்கு உப்பளமே வரும்."

நான் சாமியைப் பார்த்தேன். ஐந்நூறு வருடக் கிறிஸ்தவர்கள் என்று திருவிழாவுக்குத் திருவிழா மேடையில் எங்களைப் புகழ்கிறவர். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று வருடம் நான் பூச்சு வேலை என்றும் ஞானத்தாய் என்றும் நம்பிக்கொண்டிருந்தது ஆறடி மண் விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது. உயிரோடு இருக்கிறவளைச் சேர்க்க மறுத்தது அவள் பிணத்துக்குப் பயந்து. எழுந்து நின்று சத்தம் போட்டிருக்கலாம். "சரி சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வருடம் சித்திரை வெயிலில் பேச்சியம்மாள் உப்பளத்திலேயே விழுந்துவிட்டாள். அங்கே பெண்கள் ஒதுங்க மறைவு கிடையாது. அதனால் வேலை முடியும்வரை தண்ணீரே குடிக்கமாட்டார்கள். சிறுநீரில் கிருமி பிடித்து, காய்ச்சலோடு நாலு நாள் வேலைக்குப் போயிருக்கிறாள். தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகு முத்துக்கனி எனக்குப் போன் செய்தாள்.

நான் போனபோது பகல் இரண்டு மணி. முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் இளம் வயதுக்காரர். "ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. கிருமி ரத்தத்துல கலந்துட்டு. டயாலிசிஸ் போடப்போறோம். தாங்குவாங்களான்னு சொல்ல முடியாது. பாக்க வேண்டியவங்கள வரச்சொல்லுங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்து சாமிக்குப் போன் செய்தேன். நிலைமையைச் சொன்னேன். "உடனே வாங்க சாமி. கார் நான் அனுப்புதேன்."

"மச்சாதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கூப்பிடுதேன் உபதேசியாரே" என்றார்.

அரை மணி நேரம் காத்திருந்தேன். போன் வரவில்லை. நான் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாகும் ஆபத்தில் இருக்கிறவருக்கு யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். சாமியார் வேண்டியதில்லை, கமிட்டி வேண்டியதில்லை. தண்ணீரும் சரியான வார்த்தையும் போதும். இதை வருடா வருடம் தாய்மார்களுக்கும் நர்சுகளுக்கும் வகுப்பெடுத்தவன் நான். அரை மணி நேரம் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

உள்ளே போய் முத்துக்கனியிடம் கேட்டேன். அழுதுகொண்டே, "எங்கம்மா மூணு வருசமா அத ஒண்ணுதான கேட்டா. செய்ங்க" என்றாள். சாட்சிக்கு ஆள் வேண்டும். பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நர்சு, "நான் நிக்கேன் சார். நாங்க நாசரேத்து. வேற சபை. பரவாயில்லயா?" என்று வந்து நின்றாள். என் பங்கில் ஏழு பெண்கள் சொல்லாத பதிலை, பேர் தெரியாத ஒருத்தி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அவள் காதருகே குனிந்தேன். "பேச்சியம்மா, கேக்குதா? திருமுழுக்குப் பெற விருப்பமா?"

கண் கொஞ்சம் திறந்தது. உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. "இன்னுமா கேக்கீய?" என்றாள்.

அவளே முன்பு தேர்ந்தெடுத்திருந்த பெயரைச் சொன்னேன். "வெரோனிக்கா, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உமக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." மூன்று தடவை நெற்றியில் ஊற்றினேன். தலையணை நனைந்தது. 'உமக்கு' என்று சொன்னபோதுதான் உறைத்தது. மூன்று வருடத்தில் அவளை நான் மரியாதையாக அழைத்தது அதுவே முதல் தடவை. அதுவும் புத்தகத்தில் அப்படி இருந்ததால்.

அவள் சாகவில்லை.

நாலு தடவை டயாலிசிஸ் போட்டார்கள். பிறகு சிறுநீர் தானாக இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் இட்லி கேட்டாள். நான் சந்தோஷத்தோடு அதைச் சொல்லப் பங்களாவுக்குப் போனேன். அதன்பின் நடந்த பேச்சை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"பிழைச்சிட்டாளாமே" என்றார் சாமி. நான் களவு செய்து பிடிபட்டவன் போல அந்தக் குரல் இருந்தது.

"ஆமா சாமி. நல்லாருக்கா."

"அப்போ சாகுற ஆபத்து இருந்துச்சுன்னு நீரு எப்படி முடிவு பண்ணினீரு?"

"டாக்டர் சொன்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"சாமி, நான் உங்களுக்குப் போன் பண்ணினேன். நீங்க எடுக்கல."

"நீரு அவசரப்பட்டுட்டீரு. இத நான் எப்படிப் பதிவேட்டுல எழுத முடியும்? கமிட்டிக்கு என்ன பதில் சொல்ல?"

இருபத்துமூன்று வருடம் நான் எந்தச் சாமியார் முன்னாலும் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். வெளியே பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

"செத்திருந்தா எழுதியிருப்பீங்களா சாமி? சொல்லுங்க. செத்திருந்தா பெட்டியக் கோயிலுக்குள்ள கொண்டுவர விட்டிருப்பீங்களா? அவ பிழைச்சதுதான் இப்ப குத்தமா?"

கண்ணாடியைக் கழற்றினார். நான் அவர் துடைத்து முடிக்கும்வரை நிற்கவில்லை.

அன்றே மறைமாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். நர்சின் கையெழுத்து, முத்துக்கனியின் கையெழுத்து, மருத்துவமனைச் சீட்டின் நகல், மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய கைநாட்டு எல்லாம் வைத்து அனுப்பினேன். ஒரு மாதத்தில் சாமிக்குப் பதில் வந்தது. திருமுழுக்குச் செல்லும், பதிவேட்டில் எழுதுங்கள், மீதிச் சடங்குகளை நிறைவு செய்யுங்கள் என்று மூன்றே வரி. சாமி என் கண் முன்னால் எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. வெரோனிக்கா பேச்சியம்மாள். கொடுத்தவர், உபதேசியார் சந்தியாகு. சாட்சி, நர்சின் பெயர். மையை ஒற்றி எடுத்தார். மேசை அறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பங்குக்கு என்னை மாற்றியிருந்தது.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு அவள் பூசைக்கு வந்தாள். மீதிச் சடங்குகளும் திருவப்பம் வாங்கும் முதல் நன்மையும், வழக்கம்போல யாரும் இல்லாத ஒரு வாரநாள் காலையில், முடிந்திருந்தன. எங்கள் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். வெள்ளைச் சேலை கட்டி, பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். அதில் இருந்த ஐந்து பெண்களும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். பூசை முடியும்வரை அந்தப் பெஞ்சில் அவள் ஒருத்திதான். என் மனைவி இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தாள். நான் மேடையில் நின்று முதல் வாசகம் வாசித்தேன். வாசகத்தில் எங்கும் தடுமாறவில்லை. அதை எண்ணித்தான் இன்றும் வெட்கம்.

பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி எட்டு வருடமாகிறது. வந்த முதல் ஞாயிறே பார்த்தேன். அதே நாலாவது பெஞ்சு. அவள் பக்கத்தில் யாரும் இல்லை. ஊர் அதற்குள் பழகிவிட்டிருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்களுக்குக்கூட எந்தப் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்தால், "நல்லாருக்கீயளா அண்ணாச்சி?" என்பாள். 'அய்யா' என்பதை ஆஸ்பத்திரிக்குப் பிறகு விட்டுவிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருடம் ஆவணியில் தூக்கத்திலேயே இறந்துபோனாள். செய்தி வந்ததும் நான் சண்டைக்குத் தயாரானேன். பதிவேட்டின் நகலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கமிட்டி ஆபீசுக்குப் போனேன். மச்சாது அண்ணாச்சி இறந்து, அவர் மகன் இப்போது தலைவர். எட்டுப் பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் முத்துக்கனி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா எங்க ஆளுக கெடக்க எடத்துலயே வைக்கச் சொல்லிட்டா. உங்க கல்லறைல வேண்டாமாம். 'நான் அதுக்காவ வரலன்னு அவங்ககிட்ட சொல்லிரு'ன்னா. சாமி வந்து ஜெபம் சொன்னாப் போதும்."

அறையில் இருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதை நான் கேட்டேன். மச்சாதின் மகன் எழுந்து வந்து, "நல்ல பொம்பள. ஊருக்கு ஒரு தொந்தரவு குடுக்கல" என்றான். பாண்டு செட்டு கமிட்டிச் செலவில் ஏற்பாடு செய்கிறோம் என்றான். பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு பெஞ்சை விட்டுத் தள்ளி உட்கார்ந்தவர்கள் பாண்டு வாசிக்கிறார்களாம்.

"அவ குடுக்கல. நான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உப்பளத்துக்குப் பின்னால், உடை முள்மரங்களுக்கு நடுவில் அவர்கள் இடம். இரண்டடி தோண்டினால் உவர்த் தண்ணீர் ஊறுகிறது. அதை இறைத்து இறைத்துத்தான் குழி வெட்டினார்கள். இளைய சாமியார் ஒருவர் வந்து, வெயிலில் நின்று, முறையாக ஜெபம் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து பாண்டுக்காரர்களைத் தவிர நானும் ஸ்டெல்லாவும்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாள் எடுத்து எழுதினேன். நான் இறந்தால் என்னை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக்கூடாது, உப்பளத்துப் பக்கம் வெரோனிக்கா பேச்சியம்மாள் கிடக்கும் இடத்தில்தான் புதைக்க வேண்டும் என்று. ரெஜினாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபத்தோடும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையோடும்தான் வாசித்தேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். "செத்த பெறவு போயி பக்கத்துல படுக்கீரு. அவ உசிரோட இருக்கையில பக்கத்துல போயி உக்காந்தீரா?" என்றாள்.

"அது பொம்பளையாள் பக்கம்லா?"

"ஆமா. அதத்தான் நீரு சொல்லிக்கிட்டிரும். நான் மவ கல்யாணம்னு சொன்னேன். மவளுக்குக் கல்யாணமாயி புள்ள பள்ளிக்கூடம் போவுது. நானும் போயி உக்காரல. நீரும் உக்காரல." அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தாளைக் கொண்டுபோய் இளைய சாமியாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார். "காரணம் எழுதலையே உபதேசியாரே. நாளைக்கு யாராவது கேப்பாங்க" என்றார்.

கமிட்டியைப் பற்றி எழுத நிறைய இருந்தது. ஞானப்பிரகாசம் சாமியைப் பற்றியும் இருந்தது. அவரிடமே பேனா வாங்கி, நின்றபடி கீழே ஒரு வரி எழுதினேன்:

'ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாள்கூட நான் அந்தப் பெஞ்சில் போய் உட்காரவில்லை.'